கோயில் அழைப்பு மெயிலில் எழுத்து உடைகிறது: படமாக அனுப்புவதா, எழுத்தாகவா?

பெகு_தம்பி:
எங்கள் கோயில் திருவிழா அழைப்பை மெயிலில் அனுப்புகிறோம். மேலே தமிழ், கீழே பர்மீஸ். ரங்கூனில் சிலருக்குத் தமிழ் ஒழுங்காக வருகிறது, பர்மீஸ் கலைந்துபோகிறது. தமிழ்நாட்டுப் பர்மா காலனியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கோ தமிழே அலங்கோலம். தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இதுவே திரும்பத் திரும்ப. தலைப்பு வரி '=?யூடிஎஃப்-8?பி?' என்று தொடங்கி எங்கேயோ போகிறது. என்ன செய்யலாம்?

அச்சக_அண்ணன்:
பத்திரிகை அடித்த கோப்பு இருக்கும் இல்லையா தம்பி, அதைப் படமாக்கி அனுப்பு. நம்ம ஊரில் எல்லோரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். அவரவர் போனில் என்ன எழுத்துரு இருக்கிறது என்று யார் போய்ப் பார்ப்பது?

ரங்கூன்_செல்வி:
அண்ணே, பல இடங்களில் மெயிலில் வரும் படம் முதலில் மறைந்துதான் இருக்கும், தட்டினால்தான் தெரியும். தேதியைத் தேடினால் கிடைக்காது. கண் தெரியாதவர்களுக்குப் போன் அதை ஒழுங்காக வாசித்துக் காட்டும் என்று நம்ப முடியாது.

தம்பி சொன்ன ஏ-யும் வட்ட ஆரும் என்ன தெரியுமா? யூடிஎஃப்-8 என்பது எல்லா மொழி எழுத்தையும் கணினியில் வைக்கும் பொதுக் குறிமுறை, அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். அந்த மூன்றையும் விண்டோஸின் பழைய மேற்கத்தியக் குறிமுறை என்று நினைத்துப் படித்தால் முதல் இரண்டும் பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். அதாவது எழுத்து பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது, எந்தக் குறிமுறை என்று சொல்லி மெயிலோடு போகவேண்டிய 'சார்செட்' சீட்டுதான் இல்லை. அவுட்லுக் என்றால் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட், இன்டர்நேஷனல் ஆப்ஷன்ஸில் போய் வெளியே போகும் மெயிலுக்கு யூடிஎஃப்-8 என்று வையுங்கள்.

தலைப்பு வரி தனிக் கதை. 1982இல் வந்த மெயில் தரம், ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டும் உள்ள 7 பிட் ஆஸ்கியை நம்பியது. 1992இல் மைம் என்ற கூடுதல் தரம் வந்த பிறகுதான் மற்ற மொழிகளுக்கு முறையான வழி பிறந்தது. தலைப்பில் தமிழை ஆஸ்கியாகப் பொதிந்து அனுப்பவேண்டும், ஒரு பொதி 75 குறிகளைத் தாண்டக்கூடாது. '=?யூடிஎஃப்-8?பி?' மாதிரி முன்பின் அலங்காரம் போக 45 பைட்தான் உள்ளே அடங்கும். 'திருவிழா அழைப்பிதழ்' என்ற இரண்டு சொல்லே 55 பைட்! சரியாகப் பிரிக்கத் தெரியாத மென்பொருள் அனுப்பினால் பொதி பிரியாமலே வந்து நிற்கும், அல்லது நடு எழுத்தில் வெட்டுப்படும்.

மோல்மீன்_அக்கா:
தமிழுக்கு நீ சொன்னது சரி தங்கச்சி. பர்மீஸுக்கு அது போதாது. சீட்டு இல்லாமல் பர்மீஸ் கெட்டிருந்தால் கோடு போட்ட ஏ-க்குப் பக்கத்தில் யூரோக் குறி வரும். தம்பிக்கு வருவது அது இல்லை. பர்மீஸ் எழுத்தே வருகிறது, ஆனால் இடம் மாறிக் கிடக்கிறது. அது ஜோஜி, பர்மாவில் பலர் பழகிய பழைய எழுத்துரு.

நாம் 'கெ' எழுதும்போது கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடில் க முதலில், கொம்பு பின்னால். பர்மீஸ் யூனிகோடிலும் அதே மாதிரி ஒரு கொம்பு உண்டு. ஜோஜி அதைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே முன்னால் வைக்கும். போதாததற்கு, பர்மாவின் மற்ற மொழிகளான மோன், ஷான், கரென் எழுத்துகளுக்கு 2008இல் யூனிகோடு 5.1 கொடுத்த எண்களிலும் ஜோஜியே உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஊர் மோன்காரர்கள் இதைச் சொல்லித் திட்டாத நாள் கிடையாது. ஜோஜியில் அடித்த மெயிலிலும் யூடிஎஃப்-8 சீட்டு ஒட்டியே வரும், சீட்டிலும் பிழை இருக்காது. உள்ளே இருப்பதுதான் வேறு. அதனால் அவுட்லுக்கை எப்படி மாற்றினாலும் பயனில்லை.

அச்சக_அண்ணன்:
அதனால்தான் படம் என்றேன்! 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோடு என்று மியான்மர் அரசாங்கம் சொல்லிவிட்டது, சரி. என் கணினியில் இருக்கும் பர்மீஸ் கோப்பெல்லாம் ஜோஜி. தமிழ்க் கோப்போ பாமினி, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த பழைய எழுத்துரு, அங்கே 'தமிழ்' என்பதே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துருவை உள்ளே பதித்து பீடிஎஃப் போட்டால் எல்லார் கண்ணுக்கும் ஒரே மாதிரி.

ரங்கூன்_செல்வி:
கண்ணுக்குச் சரி. பூசை நேரத்தை அதிலிருந்து நகலெடுத்து யாருக்காவது அனுப்பிப் பாருங்கள், அந்த ஜே, கே, பி, ஓ வந்து விழும்.

பெகு_தம்பி:
இன்னொன்று. பெயர்ப் பட்டியல் எக்செலில் இருக்கிறது. அதை வைத்து அனுப்பினால் 'அன்புள்ள ????' என்று போகிறது.

ரங்கூன்_செல்வி:
கேள்விக்குறி வந்துவிட்டால் அந்தக் கோப்பில் எழுத்து போனது போனதுதான், மீட்க முடியாது. கட்டம் கட்டமாக வந்தால்கூடப் பயமில்லை, எழுத்துரு இல்லை என்று அர்த்தம். பட்டியலைச் சாதாரண சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, சேமித்திருப்பாய். மூலப் பட்டியலைத் திறந்து 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று திரும்பச் சேமி.

அச்சக_அண்ணன்:
சரி, மெயிலில் எழுத்தே போடுங்கள். பீடிஎஃப்பும் கூடப் போகட்டும், பெரியவர்கள் அதைத்தான் திறப்பார்கள். ஆனால் பழைய கோப்பையெல்லாம் மாற்ற யார் கூலி தருவார்கள்? கமிட்டியைக் கேட்டுச் சொல் தம்பி.

மோல்மீன்_அக்கா:
மாற்றுவதற்குக் கூலி எதற்கு அண்ணே? எது ஜோஜி, எது யூனிகோடு என்று ஊகிக்க கூகுளின் 'மியான்மர் டூல்ஸ்' இலவசமாகக் கிடைக்கிறது, மாற்றித் தரும் கருவியும் அப்படியே இலவசம். ஆனால் நாலைந்து எழுத்து மட்டும் இருக்கிற துண்டு வரியில் ஊகம் தப்பும். பர்மீஸ் நன்றாகப் படித்த ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கவேண்டும். கமிட்டி அவருக்குக் கொடுக்கட்டும்.