மெல்போர்னில் முதல் கோடையா? வெளியே கிளம்பும் முன் கொஞ்சம் படியுங்கள்

நவம்பர் பிறந்ததுமே புதிதாக வந்தவர்களின் வழக்கமான பேச்சு தொடங்கிவிடும்: "வேலூர்க்காரன்கிட்டயே வெயிலைப் பத்திப் பேசுறீங்களா?" யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், அவர்கள் தமிழில். வெயில் தாங்கும் உடம்பு நமக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எந்த நேரத்தில் வீட்டுக்குள் இருக்க வேண்டும், எப்போது வெளியே வரலாம், எங்கே போனால் குளுமையாக இருக்கும் என்று ஊர் நமக்குப் பழக்கிய கணக்கு இங்கே செல்லாது. பெரும்பாலான சிக்கல் அதில்தான் வருகிறது.

முதலில் ஒரு தகவல். சென்னையில் பதிவான உச்ச வெப்பம் 45 டிகிரி, 2003 மே 31 அன்று. மெல்போர்னின் உச்சம் அதைவிடக் கூடுதல்: 46.4. அது 2009 பிப்ரவரி 7. அன்றைய காட்டுத்தீயில், மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில், 173 பேர் இறந்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு அடித்த வெப்ப அலையிலும் நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் வயதானவர்கள், இறந்துபோனார்கள்.

ஊரில் மார்ச்சில் ஆரம்பித்து வெயில் மெல்ல மெல்ல ஏறும், உடம்பும் கூடவே பழகிக்கொள்ளும். இங்கே திங்கள் 22, செவ்வாய் 36, புதன் 41, வியாழன் மறுபடி 21 என்று ஆடும். வடக்கிலிருந்து, அதாவது உள்நாட்டு வறண்ட நிலத்திலிருந்து, காற்று அடித்தால் அன்று அனல். பிறகு தென்மேற்கிலிருந்து கடல் காற்று திரும்பும். அதற்கு இங்கே 'கூல் சேஞ்ச்' என்று பெயர். சில நாள் அரை மணி நேரத்தில் 15 டிகிரி இறங்கிவிடும். வானிலைத் துறையின் செயலியில் அன்றைய அதிகபட்சத்தை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். காற்று எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதையும் பாருங்கள். 'சேஞ்ச்' மாலை 6 மணிக்கு என்று இருந்தால் குழந்தையின் பிறந்தநாள் பார்ட்டியை 7 மணிக்குத் தள்ளலாம். கையில் ஒரு ஸ்வெட்டரும் இருக்கட்டும், சிரிக்காதீர்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். "உச்சி வெயில் 12 மணி, 4 மணிக்கெல்லாம் தாழ்ந்துவிடும், பூங்காவுக்குக் கிளம்பலாம்" என்று நம் மூளை சொல்லும். இங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கிறார்கள். அதனால் சூரியன் உச்சிக்கு வருவதே பகல் ஒன்றேகால், ஒன்றரை வாக்கில். அதன் பிறகும் சூடு ஏறிக்கொண்டே போய், 4 மணி 5 மணிக்குத்தான் உச்சத்தைத் தொடும். ஜனவரியில் சூரியன் மறைவது 8:45-ஐ ஒட்டி. ஆக, 4 மணிக்கு நடக்கக் கிளம்பும் அப்பா அம்மா நேராக அடுப்புக்குள் போகிறார்கள். காலை 10 மணிக்கு முன், இல்லாவிட்டால் மாலை 7-க்குப் பின். 8 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், பயப்பட வேண்டாம்.

புற ஊதாக் கதிர் (யூவி) தனி விஷயம். சென்னையிலும் அது குறைவில்லைதான். ஆனால் அங்கே சூடே நம்மை நிழலுக்கு விரட்டிவிடும். இங்கே 23 டிகிரி, சிலுசிலுவென்று காற்று, லேசாக மேகம். ஆனந்தமாக மூன்று மணி நேரம் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து பார்த்தால் கழுத்தும் மூக்கும் எரியும். யூவி அளவுக்கும் வெப்பநிலைக்கும் சம்பந்தமில்லை. அளவு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்பது இங்கத்திய அறிவுரை. மெல்போர்னில் ஜனவரி நண்பகலில் அது 11, 12 வரை போகும். சன்ஸ்மார்ட் என்ற இலவசச் செயலி அன்றன்றைக்கு எந்த மணிக்கு எந்த மணி வரை என்று காட்டும்.

"நம்ம நிறத்துக்கு சன்ஸ்கிரீன் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு: தோல் புற்றுநோய் ஆபத்து வெள்ளைத் தோலைவிட நமக்குக் குறைவுதான். குறைவு என்றால் பூஜ்யம் இல்லை. கண்ணுக்கோ தோல் நிறம் காவல் கிடையாது, அதனால் கறுப்புக் கண்ணாடி அலங்காரப் பொருள் இல்லை. நீண்ட நேரம் வெளியே இருக்கப் போகிறீர்கள் என்றால் எஸ்பிஎஃப் 50+ என்று போட்டிருக்கும் சன்ஸ்கிரீன் போடுங்கள். கிளம்புவதற்கு 20 நிமிடம் முன்பு, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. ட்யூபைக் காரிலேயே போட்டு வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுவிடும். மறுபக்கம், வெயிலே படாமல் அலுவலகத்துக்குள்ளேயே கிடக்கும் நம்மவர்களுக்கு விட்டமின் டி குறைவதும் உண்டு. அதைக் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள், வாட்ஸப் மாமாக்களிடம் வேண்டாம்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு எந்தத் தொப்பி வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: கிரிக்கெட் கேப் செல்லாது, காதும் கழுத்தும் மூடாது. சுற்றிலும் விளிம்பு வைத்தது, அல்லது பின்கழுத்தில் துணி தொங்குவது வேண்டும். பல தொடக்கப் பள்ளிகளில் தொப்பி இல்லாத பிள்ளை மைதானத்தில் ஓட முடியாது, நிழலில்தான் உட்கார வேண்டும். பெரியவர்களுக்கு பன்னிங்ஸ் என்ற வீட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் அகல விளிம்பு வைக்கோல் தொப்பி போதும். அழகு பார்த்தால் நடக்காது.

வறண்ட சூடு என்பதில் ஒரு நன்மை, ஒரு ஆபத்து. ஆபத்து: வியர்வை வந்த உடனே காய்ந்துவிடுவதால் வியர்ப்பதே தெரியாது. சட்டை நனையவில்லை, தாகமும் பெரிதாக இல்லை, திடீரென்று தலைவலி, கிறுகிறுப்பு. தாகத்துக்குக் காத்திராமல் குடித்துக்கொண்டே இருங்கள். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், பூங்காக்களில் பாட்டில் நிரப்பும் குழாய்களும் உண்டு. உப்புப் போட்ட மோர் ஒரு ஃபிளாஸ்க்கில் எடுத்துப் போனால் இன்னும் நல்லது. நன்மை: ஈரத் துணி இங்கே உண்மையாகவே வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில் ஈரத் துண்டு நசநசவென்று இருக்கும். இங்கே கழுத்தில் போட்டால் சில நிமிடங்களிலேயே ஜில்லென்று ஆகிவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த ஈரிழைத் துண்டுக்கு வேலை வந்துவிட்டது.

அப்புறம், வெயில் என்றதும் நமக்கு ஊட்டி, கொடைக்கானல்தான் நினைவுக்கு வரும். அதே பழக்கத்தில் 40 டிகிரி நாளன்று "டான்டினாங் மலைக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வடகாற்று அடிக்கும் அனல் நாளில் காடும் மலையும்தான் இந்த மாநிலத்திலேயே மோசமான இடம். யூகலிப்டஸ் இலையில் எண்ணெய், கீழே காய்ந்த சருகு, குறுகலான மலைப்பாதை. தீ அபாய அளவு 'எக்ஸ்ட்ரீம்' அல்லது 'கட்டஸ்ட்ராஃபிக்' (மேல்மட்ட நிலைகள் இரண்டு) என்று அறிவித்தால் அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். கைபேசியில் தீ எச்சரிக்கை தரும் விக்-எமர்ஜென்சி செயலி இருக்கட்டும். அன்றைக்கு நகராட்சி நீச்சல் குளம், நூலகம், ஷாப்பிங் சென்டர், இவைதான் உங்கள் கொடைக்கானல்.

கடற்கரை போகலாம், எது என்று பார்த்துப் போங்கள். செயின்ட் கில்டா, வில்லியம்ஸ்டவுன் போன்றவை விரிகுடாவுக்குள் இருப்பதால் அலை குறைவு. பெருங்கடல் பக்கக் கடற்கரைகளில் உள்ளிழுக்கும் நீரோட்டம் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. அமைதியாக, நல்ல இடம் போலவே இருக்கும். 2024 ஜனவரியில் பிலிப் தீவில், உயிர்காப்பாளர் இல்லாத ஒரு கடற்கரையில், இந்திய வம்சாவளியினர் நான்கு பேர் மூழ்கி இறந்தார்கள். உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு-மஞ்சள் கொடிகள் இரண்டுக்கும் நடுவில் மட்டும் இறங்குங்கள். கொடி இல்லையென்றால் கால் நனைப்பதோடு சரி.

பொங்கல் சரியாக உச்சக் கோடையில் வருகிறது. 2014-இல் ஜனவரி 14 முதல் 17 வரை நான்கு நாளும் 41 டிகிரியைத் தாண்டியது. பூங்காவில் மூன்று கல் கூட்டி விறகில் பொங்கல் வைக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. 'டோட்டல் ஃபயர் பேன்', அதாவது முழு நெருப்புத் தடை, அறிவித்த நாளில் விறகு, கரி எதுவும் கூடாது, சொந்த வீட்டுக் கொல்லையிலும் கூடாது, அபராதம் கடுமையானது. கேஸ் அல்லது மின்சார பார்பிக்யூ அடுப்பில் சமைக்கலாம்: சுற்றி 3 மீட்டருக்கு எரியும் பொருள் இருக்கக் கூடாது, குழாயோ 10 லிட்டர் தண்ணீரோ பக்கத்தில் வேண்டும், பெரியவர் ஒருவர் நகராமல் நிற்க வேண்டும். தடை இல்லாத நாளிலும் பூங்காவில் நினைத்த இடத்தில் நெருப்பு மூட்ட முடியாது, நகராட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலையே அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பானையைத் தூக்குங்கள்.

காரில் பிள்ளையை விட்டுவிட்டு "ரெண்டே நிமிஷம்" என்று கடைக்குள் போவது விக்டோரியாவில் குற்றம். சில நிமிடங்களில் உள்ளே வெளியைவிட 20, 30 டிகிரி கூடிவிடும். விளையாட்டுத் திடலில் சறுக்குமரத்தையும் கீழே விரித்திருக்கும் கறுப்பு ரப்பரையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளையை விடுங்கள். கோயில் வெளிப்பிராகாரச் சிமென்ட்டும் அப்படித்தான். கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகிறவர்கள் காலைப் பூசைக்கே போய்விடுவது நல்லது.

யாருக்காவது பேச்சு குழறினால், நினைவு தடுமாறினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடனே 000 என்ற அவசர எண்ணை அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அவ்வளவு அவசரம் இல்லாத சந்தேகத்துக்கு, தொலைபேசியில் செவிலியர் ஆலோசனை தரும் நர்ஸ்-ஆன்-கால், 1300 60 60 24. ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் 131 450-ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

கடைசியாக, பெற்றோரை வரவழைக்கிறவர்களுக்கு. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால், கோடையில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். டிக்கெட் இன்னும் போடவில்லையா? டிசம்பரை விட்டுவிட்டு மார்ச்சுக்குப் போடுங்கள். பகலில் சராசரியாக 24 டிகிரிதான், 4 மணிக்கே தாராளமாக நடக்கப் போகலாம், அனேகமாக விமானக் கட்டணமும் குறைவாக இருக்கும்.