ஜப்பானுக்குப் போற பிள்ளையின்ர பையில கறித்தூள் வேணுமோ?

கொக்குவிலார்: ஓம். வெளிக்கிடுற பிள்ளையளுக்கு முதல் பயமே சாப்பாடுதான். வறுத்த கறித்தூள் கால் கிலோ, வறுத்த அரிசிமா ஒரு கிலோ கட்டிக் குடுங்கோ. ஒரு கறிக்குச் சுமார் 5 கிராம் எண்டால் அந்தத் தூள் 50 கறிக்குக் காணும். ஆவித்தட்டு இருக்கிற ரைஸ் குக்கரில புட்டும் அவிக்கலாம்.

மணிக்கூண்டு: 50 கறியும் முடிஞ்சாப் பிறகு? தூளோட பயம் போகாது, தள்ளித்தான் போகும். அங்கத்தைச் சாப்பாட்டைப் பழகவேணும்: ஒரு நேரத்துக்கு ஒரு புதுச் சாமான், மிச்சம் வெறுஞ்சோறு. சூட்டில மணம் தூக்கும். கொஞ்சம் ஆறவிட்டால் குமட்டல் குறையும். ஒருக்கால் பிடிக்கேல்லை எண்டு விடாமல் ரெண்டு மூண்டு நாள் விட்டுத் திரும்பத் திரும்பத் தொடவேணும். நட்டோவைக் கடைசிக்கு வையுங்கோ. நொதிக்கவிட்ட சோயா, நூல்நூலா இழுபடும். ஜப்பான்காரரிலயே கனபேர் தொடமாட்டினம்.

மச்சந்தவிர்: பழகு எண்டு சொல்லுறது லேசு. விரதகாரருக்கு ருசி பிரச்சினையில்லை, ஒளிஞ்சிருக்கிற மச்சம், அதாவது மீன் இறைச்சிதான் பிரச்சினை. மிசோ எண்ட நொதிக்கவிட்ட சோயா விழுதில வைக்கிற சூப்பில மீன்துண்டு தெரியாது. ஆனா அதுக்கு ஊத்துற தாஷி எண்ட அடிச்சாறில பெரும்பாலும் அவிச்சு, புகையூட்டி, காயவைச்ச சூரைச் சீவல் இருக்கும். சோபா எண்ட நூடில்ஸ் தொட்டுச் சாப்பிடுற சாறும் அப்பிடித்தான்.

மணிக்கூண்டு: அது எங்கட மாசிக்கருவாட்டுக்கு ஒண்டுவிட்ட சகோதரம்! சம்பலுக்கு மாசி இடிச்சுப் போடுறவைக்கு அந்த மணத்தில என்ன பயம்?

மச்சந்தவிர்: போடுறவைக்குச் சரி. போடாதவை? 'கறி' எண்டு கண்டவுடனை வாங்குற ரூ கட்டியில, அதாவது ஜப்பான் கறிக்குக் கரைக்கிற மசாலாக் கட்டியில, மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ இருக்கிறது வழமை. பக்கெற்றில ஒவ்வாமைப் பெட்டியை மட்டும் பாக்கக் கூடாது. இறால், நண்டு சேர்ந்திருந்தால் அதில கட்டாயம் போடவேணும். மாடு, பன்றியைப் போடுறது கட்டாயமில்லை. முழுச் சேர்மானத்தையும் போனில படம்பிடிச்சு மொழிபெயர்த்துப் பாருங்கோ.

கொக்குவிலார்: அதுக்குத்தானே தூள் எண்டுறன்.

மணிக்கூண்டு: தூள் கொண்டுபோங்கோ, கடையில சீல் வைச்ச பக்கெற்றா. அம்மா ஆசையா வைக்கிற ஆட்டிறைச்சி றோல்ஸ் விமான நிலையத்திலயே பறிபோகும். சமைச்ச இறைச்சிக்கும் ஏற்றுமதி நாட்டின்ர பரிசோதனைச் சான்றிதழ் கேப்பினம். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேணும்.

கொக்குவிலார்: சோறு? குத்தரிசி திண்டு வளந்த வயிறுக்கு அந்த ஒட்டரிசி சரிவராது.

மணிக்கூண்டு: அது கட்டைப் பச்சையரிசி. குத்தரிசிக்கு விடுற அளவு தண்ணி விட்டால் களியாப் போகும். நாலைஞ்சு தரம் கழுவி, அரை மணித்தியாலம் ஊறவைச்சு, ஒரு பங்குக்கு ஒண்டேகால் பங்குக்குள்ள தண்ணி விடுங்கோ. ரசம் விட்டுப் பிசையத்தான் வேணுமெண்டால் நீள அரிசி தேடவேணும்.

மச்சந்தவிர்: இதையாவது ரெண்டுபேரும் ஒத்துக்கொள்ளுங்கோ!

கொக்குவிலார்: கழுவுறதை ஒத்துக்கொள்ளுறன். கறித்தூளை விடமாட்டன்.