ஃபாயர்ஸ் அருவிக்குத் தண்ணீர் விட்டால் என்ன?

மலைப்பாதை:
ஸ்காட்லாந்தில் நெஸ் ஏரியின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் ஃபாயர்ஸுக்கு ஜூனில் போயிருந்தேன். மொனாலியா மலையிலிருந்து வரும் சின்ன ஆறு அங்கே அருவியாக விழுந்து ஏரியில் சேர்கிறது. 1787-இல் ராபர்ட் பர்ன்ஸ் கவிதை பாடிய இடம். படி படியாக இறங்கிப் போய்ப் பார்த்தால், கறுத்த பாறையில் ஒல்லியாக ஒரு வெள்ளைக் கோடு! 1896-இல் தொடங்கிய அலுமினிய ஆலைக்காக ஆற்றைத் திருப்பினார்களாம். ஆலையை 1967-லேயே மூடிவிட்டார்கள். இன்னும் எதற்கு மறித்து வைத்திருக்கிறார்கள்?

டர்பைன்:
ஆலைதானே மூடியது? 70-களில் அங்கே 300 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் வந்துவிட்டது. கரண்ட் மிஞ்சும்போது நெஸ் ஏரித் தண்ணீரை மேலே இருக்கும் லாக் மோர் என்ற ஏரிக்கு ஏற்றுவார்கள், தேவைப்படும்போது கீழே விடுவார்கள். காற்றாலையை நம்பும் நாட்டுக்கு இது பெரிய பலம். அருவி அழகு என்று அதில் கை வைக்கக் கூடாது.

மலைப்பாதை:
அதில் யார் கை வைத்தார்கள்? ஏறி இறங்குவது ஏரித் தண்ணீர். அருவிக்கு மேலே ஆற்றில் எடுக்கும் தண்ணீர் போவது, பழைய ஆலைக் கட்டடத்தில் ஓடும் 5 மெகாவாட் இயந்திரத்துக்கு. முந்நூறைக் காட்டி ஐந்தைக் காப்பாற்றுகிறீர்களே!

டர்பைன்:
பாதிக் கணக்குதான் போடுகிறீர்கள். இன்னும் மேலே, ஃபெக்லின் ஆற்றையும் லாக் மோருக்குத் திருப்பியிருக்கிறார்கள். அது பம்பு செலவில்லாமல் வரும் தண்ணீர். அதை விட்டுவிட்டால் அந்த அளவுக்கு மின்சாரம் செலவழித்து ஏற்ற வேண்டும்.

ஏட்டுச்சுவடி:
இடையில் ஒரு தகவல். ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1773-இல் அங்கே போனார். ஆலை வர நூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. மழையில்லாத நாட்கள், அருவி பார்க்கும்படி இல்லை என்று அவரும் ஏமாந்துதான் திரும்பினார். எல்லாப் பழியையும் ஆலைமேல் போட முடியாது.

மலைப்பாதை:
வானம் பொய்த்து வற்றுவதும் மதகு போட்டு வற்றவைப்பதும் ஒன்றா, ஐயா? ஆலைத் திட்டம் வந்தபோதே எதிர்ப்பும் இருந்தது. இயற்பியலாளர் லார்டு கெல்வின் அந்த அலுமினியக் கம்பெனிக்கு அறிவியல் ஆலோசகர், அவர் பேச்சு எடுபட்டது.

இன்வர்னஸ்வாசி:
நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். நல்ல மழைக்கு மறுநாள் வாருங்கள், சத்தம் மேலே கடை வரை கேட்கும். செவ்வணிலும் கண்ணில் படும். கோடையில் சனி, ஞாயிறு மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் விட்டால் கடைக்காரர்களும் பிழைப்பார்கள்.

டர்பைன்:
வார இறுதியில் மட்டும் திறந்துவிட்டால் அதற்குப் பெயர் அருவியா? ஷவர்! மீன், பாசி எல்லாம் உங்கள் சனிக்கிழமையைப் பார்த்தா வாழ்கின்றன?

மலைப்பாதை:
சரி, மீனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டீர்கள். அப்படியென்றால் வாரம் ஏழு நாளும் விடச் சொல்லுங்கள். அந்த ஐந்து மெகாவாட்டை நிறுத்தினால் எந்த ஊர் இருட்டாகும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.