வெல்கம் டு த கேம் 2: எட்டும் கிடைச்சவங்க, செத்தவங்க எல்லாம் வாங்க

ஆறு தடவை செத்து, ஏழாவது தடவை எட்டு ஹேஷ் துண்டையும் சேர்த்துட்டேன். வீட்டில் சொன்னால் "இதுக்கா விடிய விடிய முழிச்சுக் கிடந்தே?" என்பார்கள். அதனால் இங்கே கொட்டுகிறேன்.

விளையாடாதவர்களுக்காக இரண்டு வரி. ரிஃப்ளெக்ட் ஸ்டுடியோஸ் பெயரில் ஆடம் ஃப்ளட்டாவ் செய்த கேம். முதல் பாகம் 2016, நான் சொல்வது 2018இல் வந்தது. நீங்கள் கிளின்ட் என்கிற பத்திரிகைக்காரர். நேரலையில் அமலியா என்று ஒரு பெண் சிக்கியிருக்கிறாள். ராத்திரி 10 மணிக்கு ஆரம்பம். விடிகாலை 4 மணிக்குள் டீப் வெப் (சாதாரணத் தேடலில் சிக்காத இணையம்) பக்கங்களில் ஒளித்து வைத்த ஹேஷ், அதாவது ஒரு ரகசிய முகவரியின் 8 துண்டுகளைக் கண்டுபிடித்து வரிசையாகச் சேர்க்க வேண்டும். நடுவில் சேவ் கிடையாது. செத்தால் மறுபடி 10 மணி. துண்டுகள் இருக்கிற இடமும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாறும், அதனால் யூடியூப் பார்த்து மனப்பாடம் பண்ணியும் பிரயோஜனமில்லை.

துண்டு தேடுவது கண் வேலை. பக்கத்தைத் திறந்ததும் படம், எழுத்து, ஓரத்தில் கிடக்கிற புள்ளி வரைக்கும் ஒவ்வொன்றின் மேலும் மௌஸை ஓட்டிப் பார்க்கணும். ஒன்றும் சிக்காவிட்டால் சோர்ஸ் கோடை (பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற நிரல்) திறந்து வரி வரியாகப் பார்க்கணும். சில பக்கங்கள் மணிக்கு ஒரு குறிப்பிட்ட கால்மணி நேரம்தான் திறக்கும். மூடியிருக்கிற பக்கத்தைக் குறித்து வைக்கவில்லையென்றால் அதை மறந்தே போவோம். நான் பழைய டைரியின் பின்பக்கத்தில் எட்டுக் கட்டம் போட்டுக்கொண்டேன். துண்டோடு அதன் வரிசை எண்ணும் வருவதால் எந்தக் கட்டம் காலி என்று பார்த்தவுடன் தெரியும்.

உயிரோடு இருப்பது காது வேலை. ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்வதுதான் இந்தக் கேமின் அயோக்கியத்தனம். என் முதல் மூன்று சாவுக்குக் காரணம் எங்கள் வீட்டு சீலிங் ஃபேன். அது சுற்றும்போது 'டொக், டொக்' என்று ஒரு சத்தம் வரும். பத்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு அது காதிலேயே விழாது. கேமில் நம்மைத் தேடி வருகிற கொலைகாரன் லூக்கஸ் படியேறி வந்தபோதும் அந்த டொக் டொக்தான் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். நாலாவது தடவையிலிருந்து ஃபேனை அணைத்துவிட்டேன். மே மாசம். பனியன் நனைந்து நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் பூட்டை நெம்புகிற அந்த மெல்லிய கிரீச் முதல் தடவையாகக் காதில் விழுந்தது.

ஆறாவது சாவுதான் வலித்தது. டைரியில் ஏழு கட்டம் நிரம்பிவிட்டது, காலி 5ஆம் எண் மட்டும். மணி மூன்றரையைத் தாண்டிவிட்டது. குறித்து வைத்திருந்த ஒரு பக்கம் அப்போதுதான் திறந்தது. அதே நேரத்தில் கிரீச். நன்றாகக் கேட்டது, கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 'சோர்ஸை மட்டும் பார்த்துட்டுப் போயிடலாம்' என்று ஸ்க்ரோல் பண்ணினேன். முடிந்தது கதை.

* * *

அண்ணே, உங்க ஃபேன் கதைக்கு என் ஹெட்போன் கதை அண்ணன். வலது காது செத்துப் போன ஹெட்போன். 'ஒரு காது போதாதா' என்று ஒரு மாசம் விளையாடினேன். வலப்பக்கம் வருகிறது எதுவும் கேட்காது, திடீரென்று மூஞ்சிக்கு முன்னாடி ஆள் நிற்பான். கேம்ல பக் இருக்குன்னு திட்டி ரிவ்யூ வேற எழுதினேன். தம்பி ஹெட்போனை வாங்கி மாட்டினப்போதான் விஷயம் புரிஞ்சது. ரிவ்யூவை அழிச்சுட்டேன்.

என்னை அதிகம் கொன்றது லூக்கஸ் இல்லை, போலீஸ். கேமில் அடுத்தவர் வைஃபையை உடைத்துத்தான் நெட்; நல்ல சிக்னல் கிடைத்த ஒரே வைஃபையில் சொகுசாக உட்கார்ந்துவிடுவேன். ஒரே இடத்தில் ரொம்ப நேரம் இருந்தால் தடம் பிடித்து வந்துவிடுவார்கள். ரெண்டு மூணு நெட்வொர்க்கை முன்கூட்டியே உடைச்சு வச்சுக்கிட்டு மாத்தி மாத்திப் போங்க. ஹேக்கர் வந்தா பதறாதீங்க. திரையில வர்ற எழுத்து வரிசையை வாய்விட்டுப் படிச்சா கை தானா அடிக்கும். தோத்தா கேம் காசு டாஸ்காயின் போகும், அப்புறம் மார்க்கெட்ல பொருள் வாங்கக் காசிருக்காது.

* * *

நான் யாழ்ப்பாணம். 2022இல விளையாடினது. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத காலம், ஞாபகம் இருக்கும். லாப்டொப் பற்றறியில ஓடுது, அறை முழுக்க இருட்டு. ஃபேன் இல்லாதபடியால் சத்தமெல்லாம் நல்லாக் கேட்டது, அதுக்கு மட்டும் மின்சார சபைக்கு நன்றி.

கேமுக்குள்ளயும் கரண்ட் போகும் தானே? போய் பிரேக்கரைத் தூக்கிவிட வேணும். அண்டைக்கு அது போனது. நான் பழக்கதோஷத்தில 'சரி, எட்டு மணிக்கு வரும்' எண்டு கதிரையிலயே சாய்ஞ்சு இருந்திட்டன். திரையில அந்த அறை இருட்டிக் கிடக்குது, எனக்கு அது வித்தியாசமாவே தெரியேல்லை. ஒரு நிமிசத்துக்குப் பிறகுதான் உறைச்சது. எழும்பி இருட்டுக்குள்ள தடவித் தடவிப் போனால், ஆள் எனக்கு முன்னமே வந்திட்டார்.

மார்க்கெட்டில வாங்கின பொருளின்ர பார்சல் எடுக்கப் போகேக்கையும் கவனம். அங்க வாற இன்னொரு கொலைகாரன், அந்த மூச்சுக்காரன், கதவைத் தள்ளினால் உள்ளுக்குள்ள நிண்டு அழுத்திப் பிடிச்சுக்கொண்டிருங்கோ. போயிட்டான் எண்டு நினைச்சு வெள்ளனக் கையை எடுத்திடாதையுங்கோ. நான் ரெண்டு தரம் எடுத்தனான்.

* * *

நெட்வொர்க் வேலையில் இருக்கிறவள் என்பதால் ஒரு குறிப்பு. வைஃபை உடைக்கிற பகுதியைக் கேமில் சும்மா ஒப்பேற்றவில்லை. ஸ்கேன் (தேடு), ப்ரோப் (துழாவு), இன்ஜெக்ட் (செலுத்து) என்று போகிற வரிசையில் ஓரளவு உண்மை இருக்கிறது. WEP என்கிற பழைய வைஃபை பாதுகாப்பு முறையின் ஓட்டையை 2001லேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள், பாக்கெட் (காற்றில் போகும் தகவல் துண்டு) போதுமான அளவு சேர்ந்தால் சாவி கிடைத்துவிடும். அதனால்தான் கேமிலும் அது முதலில் கைக்கு வருகிறது, அதற்குப் பின் வந்த டபிள்யூபிஏ (WPA) வகைக்குக் காசு கொடுத்து லைப்ரரி, அதாவது உடைக்கிற மென்பொருள் தொகுப்பு, வாங்க வேண்டியிருக்கிறது.

ஆனால் இதை விளையாடிவிட்டு ஆள் யாரென்று மறைக்கிற நிஜ டார் உலாவியைத் திறந்து 'ரெட் ரூம்' (நேரலையில் கொலை காட்டுவதாகச் சொல்லப்படும் பக்கம்) தேடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். டார் ஒன்றும் பேய் பிடித்த வஸ்து இல்லை. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களில் பிறந்த யோசனை, 2002இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. மூன்று கணினிகள் வழியாகச் சுற்றிப் போவதால் மெதுவாகத்தான் ஓடும், தெளிவான நேரலைக்குத் தோதுப்படாது. அங்கே நேரலைக் கொலை நடக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இதுவரை வந்ததில்லை. நிஜமாகவே கிடைப்பது மோசடியும் வைரஸும்தான். 2015இல் 'சேட் சேட்டன்' (Sad Satan) என்று ஒரு கேம் டீப் வெப்பிலிருந்து வந்ததாக யூடியூபில் பரபரப்பானது. அதன் பெயரில் பிறகு சுற்றிய ஒரு பதிப்பை இறக்கியவர்கள் மால்வேரோடு, வைத்திருந்தாலே குற்றமாகிற படங்களையும் சேர்த்து இறக்கிக்கொண்டார்கள். காசு கொடுத்து ஸ்டீம் என்கிற கேம் விற்பனைத் தளத்தில் வாங்கிப் பயப்படுங்கள், போதும்.

கேமில் நான் எவ்வளவு தூரம் போனேன் என்று கேட்காதீர்கள். இரண்டு துண்டு.

* * *

மேலே ஆரம்பித்தவன்தான். ஏழாவது தடவை எப்படி ஜெயித்தேன் என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: பெரிசாக ஒன்றுமில்லை. இந்தத் தடவை காலியாக நின்றது 2ஆம் எண். கிரீச் கேட்டதும் மௌஸை விட்டேன். பக்கம் பாதி படித்தபடி திறந்தே கிடந்தது. போய் ஒளிந்துகொண்டு, காலடி உள்ளே வந்து, நின்று, வெளியே போகிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே பிடித்தேன், கேமில் அது தேவையே இல்லை. திரும்பி வந்து பார்த்தால், நான் நிறுத்திய இடத்துக்கு நாலு வரி கீழே சோர்ஸில் இருந்தது.

யாழ்ப்பாணத்துத் தோழர், பிரேக்கர் வரைக்கும் டார்ச் எடுத்துட்டுப் போனீங்களா இல்லையா?

* * *

டோர்ச் மேசையில தான் இருந்தது அண்ணை.