கண்ணாடி போடாம இருக்க கண்ணுல லேசர் ஆபரேஷன், அதான் லேசிக், பண்ணவங்க வந்து சொல்லுங்க, முன்னாடியே தெரிஞ்சிருக்கலாமேன்னு தோணினது எது?

சோடாபுட்டி:
பண்ணி நாலு வருஷம் ஆச்சு, ரெண்டு கண்ணும் பளிச்சுனு தெரியுது, குறை ஒண்ணும் இல்ல. ஆனா அந்த கொஞ்ச நேரம் மட்டும் இன்னும் மனச விட்டுப் போகல. மரத்துப்போக சொட்டு விட்டாச்சு, இமை மூடாம இருக்க கிளிப் மாட்டியாச்சு, அப்புறம் ஒரு வளையத்த கண்ணு மேல வெச்சு அழுத்துறாங்க, லைட்டையே பாருங்கன்னு சொல்லி முடிக்கல, லைட்டே காணோம். கும்மிருட்டு. கண்ணு தொறந்துதான் இருக்கு, ஒண்ணுமே தெரியல. போச்சுடான்னு பக்கத்துல நின்ன சிஸ்டர் கைய இறுக்கிப் புடிச்சேன், "சக்‌ஷன் சார், வந்துரும் சார்"னாங்க. வந்துருச்சு. கண்ணு அசையாம இருக்க அந்த வளையம் உறிஞ்சிப் புடிக்குமாம், அதுலதான் பார்வை கொஞ்ச நேரம் போகுதாம். இத ஒரு வார்த்தை முன்னாடியே சொன்னா என்ன? பேக்கேஜ் ரேட்ட மட்டும் மூணு தடவை விளக்கினாங்க. அதுக்கப்புறம் முடி கருகுற வாசனை வேற, அது என் கண்ணுதான்னு புரிஞ்சப்ப வயித்தக் கலக்கிருச்சு.

ராத்திரிவண்டி:
எனக்கு சக்‌ஷன் பத்தி சொல்லித்தான் பண்ணாங்க, எல்லாரும் அப்படின்னு எழுதாதீங்க ப்ரோ. என் பிரச்சனை வேற. பண்ணி மூணாவது வாரம், திண்டிவனம் தாண்டி ராத்திரி வண்டி ஓட்டிட்டு வரேன், எதிர்ல வர்ற ஒவ்வொரு ஹெட்லைட்டச் சுத்தியும் தட்டு சைஸுக்கு ஒரு வட்டம். ஒரு லாரிக்காரன் ஹைபீம்ல வந்தான் பாருங்க, ரோட்டுல இருந்த வெள்ளைக் கோடே மறைஞ்சுபோச்சு. ஓரங்கட்டிட்டு டீக்கடைல உக்காந்தவன்தான், விடிஞ்சுதான் கிளம்பினேன். அஞ்சு மாசத்துல குறைஞ்சுருச்சு, சுத்தமா போகல.

மைனஸ்ஆறு:
எனக்கு பண்ணவே மாட்டேன்னுட்டாங்க. கல்யாணத்துக்கு ரெண்டு மாசம், மணவறைல கண்ணாடி இல்லாம உக்காரணும்னு அம்மாவுக்கு ஆசை. முதல்ல போன எடத்துல மேலோட்டமா பாத்துட்டு தேதியே குடுத்துட்டாங்க. சும்மா இன்னொரு டாக்டர்கிட்ட போனேன், கான்டாக்ட் லென்ஸ ரெண்டு வாரம் கழட்டி வெச்சுட்டு வரச்சொல்லி ஸ்கேன் எடுத்தாங்க. கம்ப்யூட்டர்ல கருவிழி கலர் கலரா தெரிஞ்சுது, கீழ்ப்பக்கம் மட்டும் செக்கச்செவேல்னு ஒரு திட்டு. "கண்ண ரொம்ப கசக்குவியாம்மா?"ன்னாங்க. கேக்கும்போதே கசக்கிட்டுதான் இருந்தேன். கெரட்டோகோனஸ் ஆரம்பமாம், அதாவது கருவிழி மெலிஞ்சு கூம்பு மாதிரி புடைக்கிற நோய், இதுல லேசர் வெச்சா கருவிழி இன்னும் புடைச்சுக்கும். கண்ணாடியோடதான் கல்யாணம் நடந்துச்சு.

கண்ணன்மாமா:
தம்பி சோடாபுட்டி, அது கருகுறது இல்லப்பா. அந்த எக்ஸைமர் லேசர் 193 நானோமீட்டர், சுட்டு எரிக்காது, திசுவோட பிணைப்ப உடைச்சு ஆவியா அனுப்புது, வாசனை அதோடது. எனக்கும் 2009ல பண்ணாங்க, ஒரு பிரச்சனையும் இல்ல, அவ்வளவுதான் என் கதை. ஆனா பண்ணப் போறவங்களுக்கு நான் சொல்றது, கருவிழி தடிமனோட மைக்ரான் கணக்க (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) நீங்களே போட்டுப் பாருங்க. கருவிழி சராசரியா 540 மைக்ரான், மூடி மாதிரி வெட்டித் தூக்குற மேல் படலம், அதான் ஃபிளாப், அதுக்கு ஒரு 110 போகும், ஒரு பவருக்கு 12லேர்ந்து 15 வரைக்கும் செதுக்குவாங்க, அடியில 250க்கு கீழ போகவே கூடாது, 300 இருந்தா நிம்மதி. ஒரு வருஷமா பவர் மாறாம இருக்கணும். கர்ப்பமா இருந்தா, பால் குடுத்தா தள்ளிப் போடுங்க. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிட்டா மறைக்காம சொல்லுங்க, கண்ணு காஞ்சு போகும். ஸ்மைல்னு ஃபிளாப் வெட்டாத இன்னொரு லேசர் முறை, அது பண்ணா கண்ணு காயவே காயாதுன்னு விக்கிறாங்க, லேசிக்க விட கம்மி, அவ்வளவுதான். நாப்பது தாண்டினா பேப்பர் படிக்க எப்படியும் கண்ணாடி வரும், அதுக்கு டாக்டரத் திட்டாதீங்க. பழைய பவர், கருவிழி ரீடிங் எல்லாத்தையும் பத்திரமா வைங்க, நாளைக்கு கண்புரை ஆபரேஷன்ல லென்ஸ் கணக்கு போட உதவும்.

மைனஸ்ஆறு:
மாமா, எனக்குதான் பண்ணவே முடியாதுன்னு எழுதியிருக்கேனே, இது யாருக்கு 😅

தண்டவாளம்:
மாமா முக்கியமானத விட்டுட்டாரு. ரயில்வே அசிஸ்டன்ட் லோகோ பைலட் (ரயில் ஓட்டுறவருக்கு உதவியாளர்) வேலைக்கு படிக்கிற பசங்க லேசிக் பண்ணிடாதீங்க, அந்த வேலைக்கு வெக்கிற ஏ-1ங்கிற மெடிக்கல் டெஸ்ட்ல தகுதியே இல்ல, நோட்டிஃபிகேஷன்லயே போட்டிருக்கான். என் ரூம்மேட் கண்ணாடிய கழட்டினா மெடிக்கல் பாஸாயிடலாம்னு நெனச்சு கடன வாங்கிப் பண்ணான். எழுத்துப் பரீட்சை பாஸ். மெடிக்கல் முடிஞ்சு வந்து செருப்பக்கூட கழட்டாம கட்டில்ல உக்காந்துருந்தான்.

சோடாபுட்டி:
மாமா சொன்னாரேன்னு பீரோ மேலேர்ந்து ஃபைல எடுத்தேன். ரீடிங் எல்லாம் அந்த மெஷின்ல வர்ற தெர்மல் பேப்பர், பஸ் டிக்கெட் மாதிரி வெளுத்துப் போயிருக்கு. -5.50னு ஒண்ணு மட்டும் தெரியுது, எந்தக் கண்ணுன்னு தெரியல.