வாக்குரிமை ஊர்வல அஞ்சலட்டை: அசலா, மறுஅச்சா?

கேள்வி (மாட்டுங்கா):
அன்பர்களுக்கு வணக்கம். 1911 ஜூன் 17 அன்று லண்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில், சேலை உடுத்திய இந்தியப் பெண்கள் நடந்து செல்லும் படம் கொண்ட அஞ்சலட்டை ஒன்றை மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜாரில் பார்த்தேன். அதன் பின்புறம் நடுக்கோட்டால் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஓரங்கள் பழுப்பேறியுள்ளன. அசல்தானா என்று எப்படி அறிவது?

பதில் (செம்பூர்):
பழுப்பு நிறத்தை நம்பாதீர்கள். தேநீரில் நனைத்தும் அதை வரவழைக்கலாம். பிரிட்டனில் 1902 முதலே நடுக்கோடு வந்துவிட்டதால் அதுவும் சான்றாகாது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் முகங்களைப் பாருங்கள்: புகைப்படத் தாளில் நேரடியாக எடுத்த அட்டையென்றால் சாம்பல் நிறம் இழையோடும், ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. அச்சட்டைகள் அக்காலத்திலும் உண்டு என்பதால், புற ஊதா விளக்கையும் காட்டுங்கள். தாள் நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அது பிற்காலத் தாள்.

பதில் (தாராவி):
அசலென்றால் விட்டுவிடாதீர்கள் அம்மா. சென்னை மாகாணத்திலும் பம்பாயிலும் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைப்பதற்குப் பத்தாண்டு முன்பே நம் பெண்கள் அந்த வீதியில் நடந்திருக்கிறார்கள். நம் ஊர் மழைக்காலத்தில் பிவிசி உறை வேண்டாம். பாலியஸ்டர் உறையில், சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். என் அட்டை ஒன்று பிவிசி உறையோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது படமே உரிந்து வந்துவிட்டது.

கேட்டவர்:
மிக்க நன்றி. வெள்ளிக்கிழமை அங்கே சந்தை கூடும்போது உருப்பெருக்கியோடு செல்கிறேன்.