பாலினம் அறிந்தாற்றும் காவற்பணி – கலைச்சொல் விவாதம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

'ஜென்டர் ரெஸ்பான்சிவ் போலீசிங்', அதாவது ஆண், பெண் வேறுபாட்டை மனத்தில் கொண்டு செயல்படும் காவல் முறை. நான் மொழிபெயர்க்கும் கட்டுரைக்காக இதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். குழுவில் வந்த யோசனை ஒன்று:

> 'ஜென்டர் ரெஸ்பான்சிவ் போலீசிங்' என்பதற்குப் 'பாலின இசைவுக் காவல்' போதுமே?

வேண்டாம் ஐயா. 'கன்சென்ட்' என்பதையும் சட்டத் தமிழில் 'இசைவு' என்றுதான் எழுதுகிறோம். பாலியல் குற்ற வழக்குகளைப் பேசும் கட்டுரையில் அந்தச் சொல் வேறு பொருளிலும் வந்தால் விபரீதமாகிவிடும். 'ரெஸ்பான்ஸ்' என்பதற்குத் 'துலங்கல்' என்று குழுவில் அக்கா ஒருவர் சொன்னதும் சரிப்படாது. ஊசி பட்டதும் கை விலகுகிறதே, அது துலங்கல். காவலர் யோசித்துச் செய்யும் வேலைக்கு அது ஒட்டவில்லை.

நான் மொழிபெயர்ப்பது பென்னி ஹாரிங்டன் பற்றி. அமெரிக்காவின் போர்ட்லாந்து காவல்துறையில் 1964-இல் சேர்ந்தவர். பெண்களுக்கென்று ஒதுக்கிய பிரிவில்தான் அப்போது இடம் கிடைத்தது. பாகுபாட்டை எதிர்த்துப் புகார் மேல் புகார் கொடுத்து மேலே வந்து, 1985-இல் அதே துறையின் தலைவரானார். அமெரிக்காவில் பெருநகரக் காவல்துறை ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர்தான். மறு ஆண்டே விலகினார். 1995-இல் பெண்களும் காவற்பணியும் குறித்த தேசிய மையத்தின் இயக்குநராகி ஆய்வுப் பக்கம் வந்தார்.

அந்த மையம் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, பெண் காவலர்கள் அத்துமீறிப் பலத்தைப் பயன்படுத்துவது ஏன் குறைவு என்பது. லாஸ் ஏஞ்சல்ஸில் பலப்பிரயோக அறிக்கைகள் மிக அதிகமாக இருந்த 120 காவலர்களும் ஆண்களே என்று 1991-இலேயே அந்நகரக் காவல்துறையை விசாரித்த கிறிஸ்டோபர் ஆணையம் சொல்லியிருந்தது. ஆக, பாலினம் என்பது மேசைக்கு இந்தப் பக்கம் புகாரோடு நிற்பவருக்கு மட்டுமல்ல, அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் உண்டு. புகார் கொடுக்கும் பெண்ணை மட்டும் பார்க்கும் 'மகளிர் நேயக் காவல்' என்ற இன்னொரு யோசனை இதனாலேயே அடிபட்டுப்போகிறது.

யோசனைகளில் எஞ்சுவது 'பாலின உணர்திறன்'. புழக்கத்தில் இருக்கும் நல்ல சொல்தான். ஆனால் அழுதுகொண்டு வந்த பெண்ணை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டால்? உணர்திறன் இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களில் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வு இதைத்தான் அளந்தது. மகளிர் உதவி மேசை வைத்த நிலையங்களில் பெண்களின் புகார்கள் கூடுதலாகப் பதிவாயின. எஃப்.ஐ.ஆர். கூடியது முக்கியமாகப் பெண் அதிகாரி அந்த மேசையில் இருந்த இடங்களில்.

அதனால் 'பாலினம் அறிந்தாற்றும் காவற்பணி' என்று முன்வைக்கிறேன். ஆற்றுதல் என்றால் செய்தல். துயர் ஆற்றுதலும் அதில் உண்டு. 'காவல்துறை' அமைப்பைக் குறிப்பதால் 'காவற்பணி'.

நீளம்தான். சுருக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், 'ஆற்று' மட்டும் போய்விடாமல்.

அன்புடன்.